இன்னும் அச்சாகாத ஒரு நாவலைப் பற்றி

இந்த உரைக்கு ‘நாவலாசிரியையின் ரசனையும் கனவும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். என் நாவல் இன்னும் அச்சில் வரவில்லை. ஆகவே முதல் சொல்லுக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் முதல் நாவலை எழுதி முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கணினியில் வைத்திருப்பவர்கள் இன்று கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்காக என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. நர்சிங் டிப்ளமா முடித்து, சில வருடம் வளைகுடா, பிறகு இங்கிலாந்து. முதியோர் வார்டில் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். மிச்ச நேரத்தில் சமையல், பிள்ளைகள், ஞாயிறு ஆராதனை, தூக்கம். இதில் தூக்கத்திலிருந்து மட்டும்தான் நாவலுக்கு நேரம் திருட முடிந்தது.

வாசிப்பில் எனக்கு முதல் ஆள் ஹெப்சிபா ஜேசுதாசன். 1964இல் வந்த அவருடைய ‘புத்தம் வீடு’ நாவலில்தான் எங்கள் ஊர்ப் பேச்சை முதன்முதலாக அச்சில் பார்த்தேன். லிஸியும் பனையேறி தங்கராஜும் எங்கள் அடுத்த விளையில் இருப்பவர்கள் போலிருந்தார்கள். வீட்டில் பேசுகிற தமிழைப் பள்ளிக்கூடத்தில் திருத்தியே வளர்த்திருந்தார்கள். அதைப் புத்தகத்தில் போடலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாமாவின் ‘கருக்கு’, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ இரண்டும் பிறகு வந்து சேர்ந்தன. வேலை பார்த்துக்கொண்டே எழுத முடியுமா என்று மனம் தளரும்போது மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைத்துக்கொள்வேன். தமிழின் முதல் நாவலாகச் சொல்லப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சானது. அதை எழுதியவர் கிறிஸ்தவர், முன்சீப்பாக இருந்தவர். அவருக்கு நைட் டியூட்டி கிடையாது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

என் நடைக்கு இரண்டு வாத்தியார்கள். ஒன்று, தமிழ் வேதாகமம். அதில் ஒரு சங்கடம் உண்டு. கொஞ்சம் அசந்தால் என் கதையில் மீன் விற்கிற பெண்ணும் ‘பிரதியுத்தரமாக’ப் பேச ஆரம்பித்துவிடுவாள். மற்றது, வார்டில் எழுதும் குறிப்பேடு. ‘நோயாளி சோகமாக இருந்தார்’ என்று அதில் எழுதினால் மூத்த நர்ஸ் கேட்பார்: நீ என்ன பார்த்தாய்? ‘காலை உணவு வேண்டாம் என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.’ இப்படித்தான் எழுத வேண்டும். பார்த்தது, கேட்டது, செய்தது, நேரம். எந்தப் பயிலரங்கிலும் இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி பதிப்பு. முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் 1,200 பிரதி என்பார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்துவிட்டதால் நூறு, முந்நூறு பிரதிகளோடு நின்றுவிடும் புத்தகங்கள் நிறைய. இதில் நன்மையும் உண்டு, ஏமாற்றும் உண்டு. வெளிநாட்டிலிருந்து எழுதுகிறோம் என்று தெரிந்ததும் சிலர், “நீங்களே இருநூறு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்” என்பார்கள். அது நம் செலவில் அச்சடிப்பதுதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பதிப்பகத்தின் தேர்வு என்று பெயர் வைக்கக் கூடாது. அந்த இருநூறு பிரதியையும் இங்கே தருவித்தால், ஒரு புத்தகத்தின் தபால் செலவு அதன் விலையைத் தாண்டிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் காரணம் கேளுங்கள். இந்தியாவில் அதை அரசு முகமை இலவசமாகவே தருகிறது, இங்கிலாந்தில்தான் காசு. ஒப்பந்தத்தில் அச்சு, மின்னூல், ஒலி நூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் ஒவ்வொன்றும் யாருக்கு, எத்தனை வருடத்துக்கு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ராயல்டி பொதுவாகப் பத்து சதவீதம் என்று பேசுவார்கள்; எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்டுவார்கள் என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனதிலிருந்து என் தோழிகள் “உனக்கு எப்போது?” என்று கேட்கிறார்கள். எனக்கு ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போக லீவு கிடைத்தாலே போதும். குளிர்காலத்தில் எங்கள் வார்டில் அது புக்கரைவிடக் கஷ்டம்.

ஒரு பதிப்பகம் என் நாவலை உண்மையாகவே கேட்டது. பிரதி வாங்கச் சொல்லவில்லை, பணம் கேட்கவில்லை. வாசித்தவர் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினார். எட்டாவது அத்தியாயம்தான் நாவலின் உயிர் என்றார். அது வார்டில் நடந்தது. ஒருவருடைய கடைசி மூன்று இரவுகள்.

பெயரை மாற்றியிருந்தேன், ஊரை மாற்றியிருந்தேன். ஆனாலும் அவர் வீட்டில் தமிழ் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது பக்கத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் நர்சுகளுக்கான நடத்தை விதியில், நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் கடமை அவர் இறந்த பின்னும் தொடரும் என்று எழுதியிருக்கிறது. விதி இல்லாவிட்டாலும், அவர் என்னிடம் பேசியது நர்சிடம் பேசியதுதான். எழுத்தாளரிடம் இல்லை. அந்த அத்தியாயத்தை எடுக்கிறேன் என்று எழுதினேன். “அது இல்லாமல் புத்தகத்தை எப்படி விற்பது?” என்று பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதில் என்ன இருந்தது என்று கோடி காட்டச் சொல்லாதீர்கள், இங்கேயும் சொல்லப்போவதில்லை.

காலியான எட்டாவது இடத்தில் என் அம்மையின் கடைசி நாட்களை எழுதினேன். நான் இங்கே யாரோ ஒருவருக்குத் தலையணை சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தபோது அங்கே அவள் போய்விட்டாள். இது என்னுடையது, எழுத உரிமை உண்டு என்று நினைத்தேன். அண்ணனிடம் சொன்னேன். “எட்டி, அம்மைய வித்துக் காசாக்கப் போறியா?” என்றான். நோயாளிக்கு ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. அம்மைக்கு யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? இரண்டு மாதம் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு நைட் டியூட்டி முடிந்து வந்த காலையில் அவனை அழைத்து, “வாசிக்கேன், கேளு. வேண்டாம்னா எடுத்துருவேன்” என்றேன். பதினான்கு பக்கம். நடுவில் ஒரு முறை இருமினான். முடித்த பிறகு போன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அமைதி.

“அம்மை பயறு கஞ்சிக்குத் தொவையல் தொட்டுக்கிட மாட்டா. அப்பளம்தான். அத மாத்து” என்றான்.

மாற்றினேன். கோப்பு இப்போது இன்னொரு பதிப்பகத்தில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். இன்று எனக்கு டியூட்டி இல்லை.