குளத்துப் பாசியும் மயில்துத்தமும்

ஊர்ப் பொதுக் குளத்தில் நீர் முகக்கச் சென்ற பெண் முதலில் என்ன செய்தாள்? குடத்தின் அடியால் பாசியை இருபுறமும் விலக்கினாள். விலகிய இடத்தில் தெளிந்த நீர் தெரிந்தது. குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் படியேறுவதற்குள் பாசி மீண்டும் வந்து கூடிவிட்டது. இக்காட்சியைச் சங்கப் புலவர் பரணர் கூர்ந்து கண்டிருக்கிறார். காதலன் அருகிருக்கும்போது மறைந்து, அவன் அகன்றதும் மேனியிற் படரும் பசலைக்கு, குறுந்தொகையின் 399ஆம் பாட்டில், குளத்துப் பாசியையே அவர் உவமையாக்கினார். பாடியது காதலைப் பற்றியே; ஆயினும் பாசியின் இயல்பை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. பாசியை விலக்குவது எளிது. மீண்டும் வாராமற் காப்பது அரிது. மருந்திட்டு விலக்கினாலும் இதுவே உண்மை. ஏன் என்பதை இன்று காண்போம்.

புதுச்சேரிக்கு இது புறம்பான பொருளன்று. பாரதிப் பூங்காவின் நடுவே வெண்மையாய் நிற்கும் ஆயி மண்டபத்தை நீங்கள் அறிவீர்கள். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நன்னீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுந்த மண்டபம் அது. மற்ற ஊர்களில் படைத்தலைவர்களுக்கு மண்டபம் எழுப்பினார்கள். நம் ஊரில் குடிநீருக்கு எழுப்பினார்கள். மேற்கே ஊசுட்டேரி, தெற்கே பாகூர் ஏரி, வில்லியனூர்க் கோயில் குளங்கள், சிற்றூர்தோறும் தாங்கல்கள் என நீர்நிலைகளை நம்பியே வாழ்ந்த நிலம் இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 1999ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில் புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகள் சீரமைக்கப்பட்டன. தூர் வாரிய குளமும் சில ஆண்டுகளில் பச்சைக் குழம்பாக மாறுவதுண்டு. உடனே ஊரார் கேட்பது, ‘இதற்கு ஒரு மருந்து இல்லையா?’ என்பதே.

மருந்தைப் பற்றிப் பேசுமுன் நோயை அறிதல் வேண்டும். பாசி நமக்குப் பகையன்று. அது வேரும் தண்டும் இலையும் இல்லாத எளிய உயிர். கதிரவன் ஒளியால் உணவு சமைத்து நீருக்கு உயிர்வளி அளிப்பது. குளத்து உயிர்களின் உணவுச் சங்கிலிக்கு முதற்கண்ணி. சென்னையில் பாசியியலை வளர்த்த எம்.ஓ.பி. அய்யங்காரும், 1959ஆம் ஆண்டில் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட தி.வே. தேசிகாச்சாரியும் இத்துறையில் உலகப் புகழ் பெற்ற தமிழ்நாட்டு அறிஞர்கள். நீலப்பச்சைப் பாசி என்று நாம் வழங்குவது உண்மையில் ஒருவகை நுண்ணுயிரி. அவற்றுட் சில, ஈரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சைத் தம் உடலுக்குள் உண்டாக்குவன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்த் தேவைப்படும்.

பாசி அளவுமீறிப் பெருகுவது ஏன்? உணவு மிகுவதால். ஒளியும் வெப்பமும் நம் நாட்டில் என்றும் உண்டு. குறைவாகக் கிடைத்துப் பாசியைக் கட்டுக்குள் வைத்திருப்பது, பெரும்பாலும் பாஸ்பரஸ் என்னும் சத்தே. கழிவுநீர், சலவைத் தூள், வயலில் இட்ட உரம், மாட்டுச் சாணம் ஆகியவற்றோடு அது குளத்தில் வந்து சேர்கிறது. ஒரு கிராம் பாஸ்பரஸ், உலர்ந்த எடையில் ஏறத்தாழ 100 கிராம் பாசியை வளர்க்க வல்லது. ஈரப் பாசியாகக் கணக்கிட்டால் அது பல மடங்காகும்.

இனி மருந்துக்கு வருவோம். நம் சித்த மருத்துவர்கள் துருசு என்றும், கடைக்காரர்கள் மயில்துத்தம் என்றும் கூறும் நீல நிறப் படிகமே அது. வேதியியலில் அதன் பெயர் தாமிர சல்பேட்டு. பிரான்சு நாட்டின் போர்தோ பகுதியில், சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர் பறித்துத் தின்னாதிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிகளின்மேல் தெளிப்பது வழக்கம். அவ்வாறு தெளித்த கொடிகளில் மட்டும் பூஞ்சை நோய் இல்லாததை மில்லார்தே என்னும் பேராசிரியர் 1882இல் கண்டார். 1885இல் அம்முறையை உலகுக்கு அறிவித்தார். பின்னர் 1904ஆம் ஆண்டில், அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்னும் இருவர், அதே துத்தம் மிகச் சிறிய அளவிலேயே குடிநீர்த் தேக்கங்களின் பாசியைக் கொல்லும் என்று எழுதினார்கள். அன்று முதல் இன்றுவரை உலகெங்கும் அது கையாளப்படுகிறது. அதிலுள்ள தாமிரம் பாசியின் உயிரணுவுக்குள் புகுந்து, உணவு சமைக்கும் தொழிலைக் கெடுக்கிறது.

எவ்வளவு இடுவது? கைக்கு வந்தபடி அள்ளிப் போடுவது மருத்துவமாகாது. முதலில் நீரின் காரத்தன்மையை அளக்க வேண்டும். காரத்தன்மை மிகுந்த நீரில் தாமிரம் விரைவில் படிந்து பயனற்றுப் போகும். காரத்தன்மை குறைந்த நீரிலோ அது கரைந்தே நின்று மீனையும் நத்தையையும் கொல்லும். ஆதலின், லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே காரத்தன்மை உள்ள நீரில் இதனை இடலாகாது. அதற்கு மேற்பட்ட நீரில், காரத்தன்மையை நூறால் வகுத்து வரும் எண்ணே, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் துத்தம் என்பதற்குரிய அளவு என வளர்ப்புக் குளங்களுக்கு ஒரு வாய்பாடு உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குளத்தின் நீளம் 60 மீட்டர், அகலம் 40 மீட்டர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். கொள்ளளவு 3600 கன மீட்டர். காரத்தன்மை 120 எனில், அளவு லிட்டருக்கு 1.2 மில்லிகிராம், அதாவது கன மீட்டருக்கு 1.2 கிராம். ஆகக் குளம் முழுமைக்கும் 4.32 கிலோ. படிகங்களைத் துணிப்பையில் கட்டிப் படகின் பின்னே நீரில் இழுத்துச் சென்றால் அவை சீராகக் கரைந்து பரவும். இவ்வளவையும் ஒரே நாளில் இடலாகாது. குளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் முதலில் இட்டு, ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்து, அடுத்த பங்குக்கு இட வேண்டும்.

இந்தப் பொறுமையின் அருமையை நான் அறிந்தது என் பிழையால். நான் இளம் அறிவியலாசிரியனாக இருந்தபோது, பள்ளித் தோட்டத்தில் ஒரு சிறு குளம் இருந்தது. மாணவர்கள் அதில் கெண்டை மீன் வளர்த்தார்கள். சித்திரை மாதத்தில் பாசி மண்டியது. நீரைச் சோதித்து, நிறுத்து, கணக்குப்படியே துத்தத்தை இட்டேன்; ஆனால் முழுவதையும் ஒரே காலையில் இட்டேன். இரண்டு நாளில் பாசி வெளுத்து அடங்கியது. மாணவர்கள் கைதட்டினார்கள். நான்காம் நாள் விடியற்காலையில் காவலாளி என் வீட்டுக் கதவைத் தட்டினார். ‘ஐயா, மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது’ என்றார். நான் ஓடிச் சென்று பார்த்தபோது பாதி மீன்கள் மிதந்தன. அவற்றைக் கொன்றது தாமிரமன்று, மூச்சுத் திணறலே. இறந்த பாசி முழுவதும் ஒருங்கே அழுகியபோது, நீரிலிருந்த உயிர்வளியை அவ்வழுகலே உறிஞ்சிவிட்டது. 20 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகையில் அது ஏழரைதான். கோடையில் நீரே ஏழையாக இருக்கிறது. நான் அதனிடமிருந்து கடனும் வாங்கிவிட்டேன். அளவில் பிழையில்லை, முறையில் பிழை என்று வகுப்பில் ஒப்புக்கொண்டேன்.

என் பிழையில் இறந்தவை மீன்கள். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979ஆம் ஆண்டு நடந்தது அதனினும் கொடியது. பழங்குடி மக்கள் வாழும் அத்தீவின் குடிநீர் அணையில் பாசி படர்ந்து, நீரில் தீய நாற்றமும் சுவையும் உண்டாயின. அணையில் மயில்துத்தம் இட்டார்கள். சில நாட்களில் 148 பேர் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு நோயுற்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். முன்னே நான் கூறிய நஞ்சை நினைவுகூருங்கள். உயிரோடிருந்தவரை பெரும்பகுதி பாசியின் உடலுக்குள்ளேயே அடங்கியிருந்த நஞ்சு, துத்தத்தால் அவ்வுடல் வெடித்ததும் நீரில் கலந்தது. பாசி மறைந்தது, நீர் முன்னிலும் கொடியதாயிற்று. நீலப்பச்சைப் பாசி படர்ந்த குடிநீரில் ஆராயாமல் துத்தம் இடலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வேறு மருந்துகளும் உண்டு. படிகாரம் பாசியைக் கொல்லாது, அதன் உணவாகிய பாஸ்பரஸைப் பிணைத்து அடியில் படியச் செய்யும். ஆனால் அது நீரைப் புளிப்பாக்குமாதலால் காரத்தன்மையைக் கவனித்தே இட வேண்டும். நெதர்லாந்தில் 2009ஆம் ஆண்டு ஓர் ஏரி முழுவதிலும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிதளவு கலந்து நீலப்பச்சைப் பாசியை அடக்கினார்கள். அது நீராகவும் உயிர்வளியாகவும் பிரிந்துவிடும். தாமிரமோ எங்கும் போகாது. ஆண்டுதோறும் இட்ட தாமிரம் ஆண்டுதோறும் சேற்றில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

எம்மருந்து இட்டாலும், இறந்த பாசி தான் உண்ட பாஸ்பரஸை மீண்டும் நீருக்கே தருகிறது. அதை உண்டு அடுத்த தலைமுறை எழுகிறது. கனடாவின் ஆராய்ச்சி ஏரி ஒன்றை 1973ஆம் ஆண்டில் திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒருபுறம் கரிமச் சத்தும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபுறம் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டார்கள். பாஸ்பரஸ் இட்ட பாதி பச்சைப் பசேலென்றாயிற்று. மற்றப் பாதி தெளிந்தே நின்றது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தார், வாஷிங்டன் ஏரியில் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாக வேறு வழியில் திருப்பினார்கள். பாசியால் கலங்கிய அந்த ஏரி, துத்தம் இடாமலே, சில ஆண்டுகளில் தெளிந்தது.

மாணவர்களே, மயில்துத்தத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலைத் தணிக்க மருந்து வேண்டியதுதான். ஆனால் காய்ச்சலின் காரணத்தை அறியாமல் நாள்தோறும் அதையே விழுங்குவார் உண்டோ? உங்கள் ஊர்க் குளம் பச்சையாகியிருந்தால், நீர் வரும் வாய்க்காலின் வழியே ஒரு நாள் நடந்து பாருங்கள். எந்தக் குழாய், எந்தச் சாக்கடை, எந்தக் குப்பைமேடு அதில் வந்து சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பேட்டை ஊர்ப் பெரியவர்களிடம் காட்டுங்கள். குளத்துக்கு எழுதும் முதல் மருந்துச் சீட்டு அதுவே. அதைச் செய்யாமல் இடும் துத்தமெல்லாம் அன்று அப்பெண் குடத்தால் பாசியை விலக்கியது போன்றதே. விலக்கிய கை ஓய்ந்ததும் பாசி திரும்ப வந்துவிடும்.