காப்பாற்ற கொடுத்த மருந்தே எமன் ஆனது! கொத்துக் கொத்தாக காணாமல் போன தேனீக்கள்

அமெரிக்காவில் தேனீ வளர்ப்பவர்கள் பல ஆண்டுகளாக தேனீக்களுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்து வந்தார்கள். நமக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பாரே, அதே டெட்ராசைக்ளின் வகை மருந்துதான். இந்த மருந்தே தேனீயின் உயிருக்கு உலை வைக்கிறது என்பது 2017-ம் ஆண்டு தெரிய வந்தது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

தேனீப் பெட்டிகளில் "அமெரிக்கன் பவுல்புரூட்" என்ற நோய் வரும். புழுக்கள் அறைக்குள்ளேயே அழுகி செத்துப் போகும். ஒரு பெட்டியில் வந்தால் பக்கத்துப் பெட்டிக்கும் தாவும். பெரும்பாலும் பெட்டியோடு தீ வைத்துக் கொளுத்த வேண்டியதாகி விடும். போட்ட முதல் போய்விடுமே என்ற பயத்தில், நோய் வரும் முன்பே சர்க்கரைப் பொடியில் மருந்தைக் கலந்து பெட்டிக்குள் தூவி விடுவார்கள்.

வினையே இங்கேதான். மனிதன் வயிற்றில் இருப்பது போல தேனீயின் குடலிலும் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. முக்கியமானவை சுமார் 8 வகை. புதிதாக வெளியே வரும் தேனீயிடம் இவை இருக்காது. கூட்டில் உள்ள மற்ற தேனீக்களிடம் இருந்து சில நாளில் தொற்றிக் கொள்ளும். மகரந்தத்தை செரிக்க வைப்பதும், கெட்ட கிருமியை அண்ட விடாமல் பார்த்துக் கொள்வதும் இவைதான். ஆன்டிபயாடிக்குக்கு நல்லது, கெட்டது தெரியுமா? எல்லாவற்றையும் சேர்த்து வாரி விடுகிறது.

டெக்சாஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நான்சி மோரன், கேசி ரேமன் குழுவினர் இதை சோதித்துப் பார்த்தனர். ஆஸ்டின் நகரில் பல்கலைக்கழக கட்டிட மொட்டை மாடியில் இருந்த கூடுகளில் இருந்து நூற்றுக்கணக்கான தேனீக்களைப் பிடித்தனர். பாதிக்கு மருந்து கலந்த சர்க்கரைப் பாகு, மீதிக்கு வெறும் பாகு. அடையாளம் தெரிய முதுகில் கலர் புள்ளி வைத்து கூட்டுக்கே திருப்பி அனுப்பினர்.

3 நாள் கழித்து எண்ணிப் பார்த்தால், வெறும் பாகு குடித்தவற்றில் 3-ல் 2 பங்கு கூட்டில் இருந்தன. மருந்து குடித்தவற்றில் 3-ல் ஒரு பங்குதான் மிச்சம்! "செராட்டியா" என்ற கிருமியைக் கொடுத்துப் பார்த்தபோதும் மருந்து குடித்த தேனீக்களே அதிகம் செத்தன.

இத்தனை காலம் மருந்து தின்றதில் இன்னொரு வம்பும் சேர்ந்திருக்கிறது. அந்த நாட்டு தேனீக்களின் குடல் பாக்டீரியாக்களில் டெட்ராசைக்ளினுக்கு மசியாத மரபணுக்கள் இருப்பது 2012-லேயே கண்டுபிடிக்கப்பட்டது.

முன்பெல்லாம் காசு கொடுத்தால் கடையிலேயே இந்த மருந்து கிடைக்கும். 2017 ஜனவரி 1-ந்தேதி முதல் கால்நடை டாக்டர் சீட்டு இல்லாமல் தேனீக்கு மருந்து வாங்க முடியாது.