காயலான் கடைக்குப் போன கம்ப்யூட்டர்: உள்ளே கடைக் கணக்கு, மகள் ஜாதகம்!

பழைய செல்போன், கம்ப்யூட்டர் விற்பவர்களே, உஷார்!

சென்னை பெரம்பூரில் ஹார்டுவேர் கடை நடத்துபவர், தன் பழைய கம்ப்யூட்டரை 800 ரூபாய்க்கு காயலான் கடையில் போட்டார். மூன்று வாரம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, கடையின் பாக்கிக் கணக்கை வரி வரியாகப் படித்துக் காட்டினார்! கடைக்காரர் வெலவெலத்துப் போனார்.

அந்தக் கடைக்காரர் வேறு யாருமல்ல, இந்த நிருபரின் தாய்மாமாதான். அதனால்தான் விவரம் முழுசாகக் கிடைத்தது. அது வருமாறு:

2024-ம் ஆண்டு ஆயுத பூஜைக்கு கடையை சுத்தம் செய்தார் மாமா. மூலையில் தூசி படிந்து கிடந்தது எட்டு வருஷத்து கம்ப்யூட்டர். கணக்கு வழக்கெல்லாம் புது மெஷினுக்கு மாறி ஆறு மாதம் ஆகிவிட்டது. "எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று முடிவு செய்தார். பழைய பைல்களை எல்லாம் அழித்தார். குப்பைத் தொட்டி படம் போட்ட இடத்தையும் காலி செய்தார். வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

தீபாவளி முடிந்த மறு வாரம் அந்த போன் வந்தது.

"சார், பெரம்பூர்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்கறது நீங்கதானா?"

"ஆமா தம்பி, என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கினேன். உள்ள உங்க கடைக் கணக்கு எல்லாம் இருக்கு. உங்க பொண்ணு ஜாதகமும் இருக்கு. திருப்பிக் கொடுத்திடலாம்னு..."

மாமாவுக்கு கை கால் ஓடவில்லை.

என்னென்ன இருந்தது?

போன் செய்தவர் ஒரு கல்லூரி மாணவர். காயலான் கடையிலிருந்து கைமாறி கைமாறி அவரிடம் வந்திருக்கிறது அந்த கம்ப்யூட்டர். அழிந்துபோன பைல்களை மீட்கும் சாப்ட்வேரை இலவசமாக இறக்கி, விளையாட்டாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். மொத்தமும் வெளியே வந்துவிட்டது.

எந்தக் காண்டிராக்டர் எவ்வளவு பாக்கி, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி, சரக்கு எந்த விலைக்கு வாங்கியது, பாங்க் ஸ்டேட்மெண்ட், அத்தையின் நகை அடகு ரசீது, மகளின் போட்டோவுடன் ஜாதகம், வீட்டில் அத்தனை பேரின் ஆதார் கார்டு! வாங்கிய விலையும் தள்ளுபடியும் எதிர்க்கடைக்காரர் கைக்குப் போயிருந்தால் வியாபாரம் என்னாகும்? பெண்ணின் போட்டோவும் போன் நம்பரும் போக்கிரி கையில் சிக்கியிருந்தால்?

நல்ல வேளை, பையன் நல்ல பையன். டிஸ்க்கை கழற்றி எடுத்து வந்து கடையிலேயே கொடுத்தார். மாமா நீட்டிய பணத்தை வாங்கவில்லை. ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எல்லோருக்கும் இப்படி நல்ல பையன் கிடைப்பாரா?

அழித்தது அழிவதில்லை

அழித்த பிறகும் எப்படி வந்தது? இங்கேதான் சங்கதி இருக்கிறது.

கணக்கு நோட்டில் முதல் பக்கத்தில் பொருளடக்கம் இருக்கும். அதை மட்டும் கிழித்தால் உள்ளே இருக்கும் பக்கங்கள் காணாமல் போகுமா? பழைய ரக ஹார்டு டிஸ்க்கில் 'டிலீட்' செய்வதும் அப்படித்தான். "இந்த இடம் காலி" என்று மட்டும் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும் வரை பழைய எழுத்து அங்கேயே கிடக்கும்.

பென் டிரைவ், மெமரி கார்டு கதையும் பெரும்பாலும் இதேதான்.

பெரிய பாங்கே கோட்டை விட்டது!

மாமா ஏமாந்ததில் ஆச்சரியம் இல்லை. அமெரிக்காவின் பிரபல நிதி நிறுவனம் மார்கன் ஸ்டான்லி. பழைய கம்ப்யூட்டர் சாதனங்களை அப்புறப்படுத்தும் வேலையை, சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தது. தகவலை அழிப்பதில் அந்தக் கம்பெனிக்கு அனுபவமே இல்லை. டிஸ்க்குகள் இன்டர்நெட் ஏலத்துக்குப் போய்விட்டன. 2017-ல் அவற்றில் சிலவற்றை வாங்கிய ஓக்லஹோமாக்காரர் ஒருவர், "உங்கள் தகவல் என் கையில் இருக்கிறது" என்று நிறுவனத்துக்கே எழுதினார். அவரும் மாமாவுக்குக் கிடைத்த மாணவர் போலத்தான்! இந்த விவகாரங்களுக்காக 2022 செப்டம்பரில் அந்த நிறுவனம் கட்ட ஒப்புக்கொண்ட அபராதம் 3 கோடியே 50 லட்சம் டாலர்.

ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஞாபகம் உண்டு

அலுவலகங்களில் உள்ள பெரிய டிஜிட்டல் ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றுக்குள் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. நகல் எடுத்த காகிதம் அதில் படமாகத் தங்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் அபினிட்டி என்ற மருத்துவ இன்சூரன்ஸ் நிறுவனம், வாடகைக்கு எடுத்த மெஷின்களை டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது. ஒரு மெஷினை டெலிவிஷன் நிருபர்கள் 2010-ல் வாங்கிப் பார்த்தார்கள். உள்ளே நோயாளிகளின் விவரம்! 2013-ல் அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டி வந்தது.

நம் தெரு ஜெராக்ஸ் கடையில் சமாசாரம் இன்னும் சுலபம். ஆதார், பாஸ்புக், சம்பள ரசீது எல்லாவற்றையும் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம். வந்த வேலை முடிந்தது என்று நடையைக் கட்டுகிறோம். கடை கம்ப்யூட்டரில் அது அப்படியே கிடக்கிறது. கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த கம்ப்யூட்டரும் ஒருநாள் காயலான் கடைக்குத்தானே போகும்?

முதுகில் ஒட்டிய சீட்டு

இந்த நிருபருக்கும் ஒரு பாடம் கிடைத்தது. டிஸ்பிளே உடைந்த செல்போனை ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தேன். "லாக் நம்பர் சொல்லுங்க சார்" என்றார்கள். சொன்னேன். அதை சீட்டில் எழுதி போனின் முதுகிலேயே ஒட்டி, மற்ற போன்களோடு மேஜையில் போட்டார்கள். சாயங்காலம் வரை வந்தவர் போனவர் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தது. பூட்டைப் போட்டு அதன் மேலேயே சாவியைத் தொங்கவிட்ட கதை!

டிஸ்பிளே மாற்ற லாக் நம்பர் அவசியமில்லை. மாற்றிய பிறகு நீங்களே திறந்து தொட்டுப் பார்க்கலாம். கட்டாயம் திறந்து கொடுக்க வேண்டுமென்றால், சாம்சங் போன்கள் பலவற்றில் 'மெயின்டனன்ஸ் மோடு', கூகுள் பிக்சலில் 'ரிப்பேர் மோடு' என்ற வசதி இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் போட்டோ, மெசேஜ் எதுவும் ரிப்பேர் செய்பவர் கண்ணில் படாது.

செய்ய வேண்டியது என்ன?

செல்போனை விற்கும் முன்: வேண்டியதை வேறு இடத்தில் நகல் எடுங்கள். சிம், மெமரி கார்டை கழற்றுங்கள். கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியே வாருங்கள். பிறகு செட்டிங்ஸில் 'பாக்டரி ரீசெட்' செய்யுங்கள். இப்போதைய போன்களில் தகவல் ரகசிய எழுத்தாகப் பூட்டி வைக்கப்படுகிறது. ரீசெட் செய்தால் அதன் சாவியே அழிந்துவிடும்.

கம்ப்யூட்டரை விற்கும் முன்: பழைய ஹார்டு டிஸ்க் என்றால் கழற்றி நீங்களே வைத்துக்கொள்வது உத்தமம். லேப்டாப்போடு விற்பதானால், விண்டோசில் 'ரீசெட் திஸ் பி.சி.' போய், 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து, 'கிளீன் டேட்டா' என்பதையும் போடுங்கள். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

பிரிண்ட் எடுக்கும்போது: ஆதாரில் முதல் 8 எண்களை மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கிறது. முழு எண் தேவைப்படாத இடத்தில் அதையே கொடுங்கள். கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்திருந்தால், போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் பார்த்து துண்டியுங்கள். அனுப்பிய பைலை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம்.

போன் தொலைந்தால்: 'சஞ்சார் சாத்தி' அரசு இணையதளத்தில் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைக் கொடுத்து போனையே முடக்கலாம். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் அந்த எண் தெரியும். இன்றே குறித்து வையுங்கள். பணம் பறிபோனால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் மெஷினில் இருப்பது உங்கள் தகவல் மட்டுமல்ல. வாடிக்கையாளரின் பெயர், நம்பர், பாக்கி எல்லாம் அவர் நம்பிக் கொடுத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. படிப்படியாக அமலாகும் இந்தச் சட்டத்தில் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய்!

திரும்பி வந்த டிஸ்க்கை மாமா என்ன செய்தார்? ஹார்டுவேர் கடையில் டிரில் மெஷினுக்குப் பஞ்சமா? நாலு இடத்தில் ஓட்டை போட்டுவிட்டார். (செல்போனில் இந்த வேலை வேண்டாம், பாட்டரி தீப்பிடித்துவிடும்.)

2025 ஆயுத பூஜைக்கும் கடையை சுத்தம் செய்தார். இந்த முறை ஒரு பழைய செல்போன் கிடைத்தது. காயலான் கடை வண்டி வாசலில் நின்று மணி அடித்தது.

"இருப்பா, உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துட்டு தர்றேன்" என்றார் மாமா.

பீரோவை விற்கும்போது லாக்கரைத் திறந்து பார்க்காமல் கொடுப்போமா? செல்போனும் பீரோதான்.