ஒரு எஞ்சின், இரண்டு காற்றாடி

மாட்டுப் பொங்கலுக்குக் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் ஊர் பழையசீவரம். அந்த ஊர் நிலையத்தில் ரயில் ஏறினால், காஞ்சிபுரம் தாண்டி அரக்கோணம் போய்விடலாம். அங்கேயும் 25 ஆண்டுகள் ஒரு வேட்டைக்காரன் குடியிருந்தான். கடற்படையின் ராஜாளி தளத்தில் 1992 முதல் 2017 வரை இருந்த டுபோலெவ்-142 விமானம்தான் அது. கடலுக்கடியில் ஒளிந்து திரியும் நீர்மூழ்கிகளைத் தேடுவது அதன் வேலை. சோவியத் ஒன்றியத்திடமிருந்து 1988இல் வரத் தொடங்கிய எட்டு விமானங்கள் முதலில் கோவாவில் இருந்து, பிறகு அரக்கோணம் வந்தன.

ஓய்வுபெற்ற விமானங்களில் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதைப் பார்க்க உறவுக்காரர்கள் எல்லோரும் வேன் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, ஒரு தூக்கு நிறையப் புளியோதரை என்று பாதி வீடு வண்டிக்குள் இருந்தது. போய் இறங்கியதும் அக்கா மகன் இறக்கைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

"மாமா, ஒரு எஞ்சினுக்கு எதுக்கு ரெண்டு காத்தாடி?"

சரியான கேள்வி. சுமார் 50 மீட்டர் அகல இறக்கையில் நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன். இவ்வளவு திறனை ஒரே காற்றாடியில் இறக்க வேண்டுமென்றால் அலகுகள் மிக நீளமாக வேண்டும். அப்போது நுனி தரையில் இடிக்கும். இடிக்காவிட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. இப்போதுள்ள காற்றாடியின் விட்டமே 5.6 மீட்டர். நிமிடத்துக்குச் சுமார் 750 முறை சுழல்கிறது. நுனி மட்டும் நொடிக்கு 220 மீட்டர் ஓடும். விமானம் முன்னோக்கிப் பறக்கும் வேகமும் சேர்ந்தால், ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். அதற்கு மேல் போனால் இரைச்சல்தான் கூடும், உந்துவிசை குறையும்.

எனவே ஒன்றின் பின் ஒன்றாக, நான்கு நான்கு அலகுகளோடு இரண்டு காற்றாடிகள். குழாய்க்குள் குழாய்போல ஒரு தண்டுக்குள் இன்னொரு தண்டு. முன்னது ஒரு பக்கம் சுற்றினால் பின்னது மறுபக்கம் சுற்றும்.

டேபிள் ஃபேனுக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிப் பாருங்கள். புகை நேராகப் போகாமல் சுருண்டு போகும். அந்தச் சுருளில் போன சக்தி வீண். பின்னால் உள்ள காற்றாடி எதிர்ப்பக்கம் சுழன்று, சுருண்ட காற்றை நிமிர்த்தி நேராகத் தள்ளுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. பரிசலில் ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் பரிசல் திரும்பிவிடும் இல்லையா? ஒரே திசையில் சுழலும் காற்றாடியும் விமானத்தை அப்படித்தான் ஒரு பக்கம் முறுக்கப் பார்க்கும். இரண்டும் எதிரெதிராகச் சுழலும்போது முறுக்கு கழிந்துவிடும்.

"ஜெட்டே போட்டிருக்கலாமே" என்றான். ஜெட் எஞ்சின் குறைந்த காற்றை அதிவேகமாகப் பீய்ச்சும். காற்றாடியோ நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளும். எரிபொருள் மிச்சம். நடுவில் எங்கும் இறங்காமல் சுமார் 12,000 கிலோமீட்டர் போக முடிந்தது இதனால்தான். வேட்டைக்கு அந்தப் பொறுமை வேண்டும். கடலில் குழாய் வடிவ மிதவைகளை வீசுவார்கள். மிதவை தண்ணீரில் மிதந்தபடி கம்பியில் ஒரு ஒலிவாங்கியை ஆழத்தில் இறக்கும். கீழே கேட்கும் சத்தத்தை ரேடியோ வழியாக மேலே அனுப்பும். விமானத்துக்குள் இருப்பவர்கள் மணிக்கணக்கில் காதைத் தீட்டிக் கொண்டிருப்பார்கள்.

விமானத்துக்கு எதிரே, சாலையின் மறுபக்கம் மணலில் குர்சுரா நிற்கிறது. 1969இல் நம் கடற்படையில் சேர்ந்த நீர்மூழ்கி, 2002 முதல் அருங்காட்சியகம். முதலில் விமானத்துக்குள் ஏறுங்கள். பிறகு சாலையைக் கடந்து, குனிந்து குர்சுராவுக்குள் நுழையுங்கள். தேடியவர்கள் பாடும் ஒளிந்தவர்கள் பாடும் ஒரே காலையில் விளங்கிவிடும்.