அந்த ஒரு நொடி

"போர்டு செத்துப்போச்சுண்ணே" என்றபடியே பையைப் பிரித்தான் தம்பி. பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் ஒரு டீக்கடை. அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இங்கே டிப்ளமோ படிக்கிறவன். தாத்தாவுக்குச் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம். மும்முனை கரண்ட் வந்ததும் அவர் போனுக்கு ஒரு மிஸ்டு கால் போக வேண்டும். வயலுக்கும் வீட்டுக்கும் கிழவர் அலைவது குறையும். அதற்காக ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டும், சிம் போடுகிற சிம்800 மாட்யூலும் வாங்கியிருந்தான். முந்தாநாள்வரை ஏறிய புரோகிராம் நேற்று மாலையிலிருந்து ஏறவில்லை. லேப்டாப்பில் சிவப்பெழுத்து: 'நாட் இன் சிங்க்'. பத்தில் முதல் முயற்சி, இரண்டாம் முயற்சி என்று எண்ணிக்கொண்டே போய்ப் பத்தாவதில் கைவிட்டுவிடுகிறது.

ராத்திரி முழுக்க புரோகிராமைத் திருத்தியிருக்கிறான். அங்கேதான் எனக்கு வருத்தம். புரோகிராமில் எழுத்துப் பிழை இருந்தால் கம்பைல் ஆகும்போதே வரி எண்ணோடு சொல்லியிருக்கும். இந்தச் சிவப்பெழுத்து அதைத் தாண்டி வந்தது. லேப்டாப் கூப்பிட்டது, போர்டு பதில் தரவில்லை. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

டீ வந்தது. பொறுமையாகச் சொன்னேன். அப்லோடு பொத்தானை அழுத்தி கம்பைல் முடிந்ததும், லேப்டாப் யூஎஸ்பி வழியாக டிடிஆர் என்ற கம்பியைக் கீழே இழுக்கும். அந்த இழுப்பு 0.1 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தாண்டி, சிப்பின் ரீசெட் காலில் ஒரு தட்டு தட்டும். சிப் தூக்கம் கலைந்து எழும். எழுந்ததும் முதலில் ஓடுவது நம் புரோகிராம் இல்லை, பூட்லோடர். 32 கேபி நினைவகத்தில் அரை கேபி இடத்தில் குந்தியிருக்கிற சின்னப் புரோகிராம் அது. 'புதுசா ஏதாவது ஏத்தப் போறீங்களா?' என்று சுமார் ஒரு நொடி காது கொடுக்கும். குரல் கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் பழைய வேலைக்குப் போய்விடும். 13-ஆம் பின் பக்கத்தில் எல் என்று போட்ட குட்டி விளக்கு அப்லோடின்போது படபடவென்று சிமிட்டினால், தட்டி எழுப்புவது நடக்கிறது என்று பொருள். தம்பியின் போர்டில் சிமிட்டியது. அப்படியானால் சிப் சாகவில்லை. எழுந்திருக்கிறது, ஆனால் கேட்கவில்லை.

எந்த இடத்தில் அறுந்தது? வயர்களை எல்லாம் உருவச் சொன்னேன். ரீசெட்டையும் கிரவுண்டையும் ஒரு வயரால் இணைத்தான். சிப் இனி குறுக்கே பேசாது. 0, 1 என்ற இரண்டு பின்களையும் இன்னொரு வயரால் இணைத்தான். சீரியல் மானிட்டரைத் திறந்து 'வெங்காயம்' என்று தட்டினான். 'வெங்காயம்' என்றே திரும்பி வந்தது. ஆக கேபிள், டிரைவர், போர்ட், யூஎஸ்பி சிப் நான்கும் சரி. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆனாலும் செய்கிறவர்களைக் காணோம்.

இணைத்த வயர்களை எடுத்துவிட்டு அப்லோடு செய்தால், ஏறிவிட்டது. குற்றவாளி மாட்யூல்தான். அதன் டிஎக்ஸ் வயரை நேற்று மதியம் 0-ஆம் பின்னில் செருகியிருக்கிறான். லேப்டாப் பேசுவதும் அதே பின் வழியாகத்தான். சும்மா இருக்கும்போதும் மாட்யூல் அந்தக் கம்பியை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பின் குரல் அமுங்கிப்போகும். மாட்யூலை 7, 8 பின்களுக்கு மாற்றி சாப்ட்வேர் சீரியலில் பேச வைத்தோம். சிம்800 சிக்னல் அனுப்பும்போது கணநேரத்துக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் அதற்குத் தனி சப்ளை, கிரவுண்டு மட்டும் பொது.

வயரையெல்லாம் உருவியும் ஏறாதவர்களுக்கு: சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளா என்று முதலில் பாருங்கள், அப்படியானால் போர்ட் லிஸ்டில் போர்டு தெரியவே தெரியாது. ஆர்டுயினோ நானோ வைத்திருப்பவர்கள் மெனுவில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்து பாருங்கள். 2018-க்கு முந்தையவையும் பல மலிவு நகல்களும் 57,600 வேகத்தில்தான் பேசும். ஈஎஸ்பி32 போர்டு 'கனெக்டிங்' என்று புள்ளி வைத்துக்கொண்டே நின்றால் பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள்.

லினக்ஸ் கதை தனி. 2011-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்பில் பாஸ் லினக்ஸும் இருந்தது. அண்ணன், அக்காவிடமிருந்து வந்த அந்த லேப்டாப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டு. லினக்ஸில் நம் பெயர் 'டயல்அவுட்' குழுவில் இல்லாவிட்டால் போர்ட்டைத் தொட விடாது. உபுண்டு 22.04-இல் இன்னொரு கூத்து: நகல் போர்டுகளில் இருக்கிற சிஎச்340 சிப்பைப் பார்வையற்றோருக்கான பிரெயில் கருவி என்று நினைத்து, பிஆர்எல்டிடிஒய் என்ற புரோகிராம் பிடுங்கிக்கொள்ளும். பிரெயில் கருவி இல்லாதவர்கள் அதை நீக்கிவிடலாம்.

தம்பி முந்தின ராத்திரியே புதுப் போர்டுக்கு ஆர்டர் போட்டிருந்தான். கேன்சல் செய்யப் போனை எடுத்தால், அது ஏற்கெனவே அரியலூர் வந்து இறங்கியிருந்தது.