யு ஸ்ட்ரீட்டின் பழைய குடிகள்

வாஷிங்டன் நகரில் ஏழாவது தெருவும் ஃபுளோரிடா அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஒரு செல்போன் கடை. உள்ளே போனும் சார்ஜரும் விற்பார்கள். கூடவே உள்ளூர் இசைக்குழுக்களின் கச்சேரிப் பதிவுகளும் கிடைக்கும். 1995-லிருந்து அந்தப் பதிவுகள் கடை வாசல் ஸ்பீக்கரில் தெருவுக்கே முழங்கிக்கொண்டிருந்தன. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் தோளை அசைப்பார்கள். பக்கத்து ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் போனவர்களுக்கு அந்த முனை என்றாலே அந்தத் தாளம்தான்.

2019 ஏப்ரலில் பாட்டு நின்றது. அருகே புதிதாக எழும்பியிருந்த சொகுசு அடுக்குமாடியில் குடியிருந்த ஒருவர், சத்தம் தாங்கவில்லை என்று செல்போன் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பியிருந்தார். நிறுவனம் நிறுத்தச் சொன்னது, கடைக்காரர் நிறுத்தினார். ஹோவர்ட் மாணவி ஒருவர் ‘டோன்ட் மியூட் டிசி’ என்று ட்விட்டரில் எழுத, ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. மனுவில் ஏறக்குறைய 80,000 பேர் கையெழுத்திட்டார்கள். இசைக்குழுக்கள் தெருவிலேயே மேடை போட்டு வாசித்தன. சில நாட்களில் அந்த நிறுவனமான டி-மொபைலின் தலைவர் ஜான் லெஜர், பாட்டு தொடரும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

அதே ஏப்ரலில்தான் இன்னொரு பேச்சும் எழுந்தது. ஹோவர்ட் வளாகத்தின் நடுவே உள்ள புல்வெளியில் சுற்றுவட்டாரத்துப் புதிய குடிகள் நாயைக் கூட்டிவந்து உலாத்துவதை மாணவர்கள் ஆட்சேபித்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் தொலைக்காட்சியில், பிடிக்காவிட்டால் பல்கலைக்கழகத்தை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும் என்றார். அந்தப் பல்கலைக்கழகம் அங்கே 1867-லிருந்து இருக்கிறது. நேற்று குடிவந்தவருக்கு அப்படிச் சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதை யோசித்தாலே, கறுப்பினத்தவர் கட்டியெழுப்பிய அமெரிக்க நகர்ப் பகுதிகளில் இன்று நடப்பது பாதி விளங்கிவிடும். வசதி படைத்தவர்கள் வந்து சேர, விலையும் வாடகையும் ஏற, பழைய குடிகள் ஒவ்வொருவராகக் கிளம்பிப்போகிறார்கள். சண்டை வீட்டு வாடகையைப் பற்றி மட்டும் இல்லை, ஊர் யாருடையது என்பதைப் பற்றியும்தான்.

கடையில் ஒலித்த இசைக்கு கோ-கோ என்று பெயர். 1970-களில் சக் பிரவுன் என்ற கிதார் கலைஞர் வாஷிங்டனில் உருவாக்கியது. ஒரு பாட்டு முடிந்ததும் ஆடுகிறவர்கள் உட்காரப் போய்விடுகிறார்களே என்பதற்காக, அடுத்த பாட்டு வரும்வரை தாளத்தை நிறுத்தாமல் ஓட்டினார். காங்காவும் கௌபெல்லும் ட்ரம்ஸும் விடாமல் சுழன்றுகொண்டிருக்க, முன்னால் நிற்பவர் கூட்டத்தில் தெரிந்த முகங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எந்தெந்தத் தெருக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று கேட்பார். அந்தத் தெருக்காரர்கள் கத்துவார்கள். அந்தக் கத்தலும் சேர்ந்தே கேசட்டில் பதிவாகும். அப்படிப் பதிவான ஒரு பழைய கேசட்டைப் போட்டால், அன்றைய கறுப்பு வாஷிங்டனின் வருகைப் பதிவேடு காதில் விழும். கடைமுனையில் நிறுத்தப்பட்டது அதுதான். சத்தப் பிரச்சினை என்று அதைச் சுருக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த இடத்தில் கறுப்பினத்தவர் வேர்விட்டதற்கும் காரணம் உண்டு. வாஷிங்டனில் அடிமைமுறை ஒழிந்தது 1862 ஏப்ரல் 16 அன்று. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்ததற்கு எட்டரை மாதம் முன்பு. உள்நாட்டுப் போரின்போது தெற்கிலிருந்து தப்பி வந்தவர்களுக்காகப் பன்னிரண்டாவது தெருவருகே பார்க்கர் முகாம் அமைந்தது. முகாம் போனாலும் மக்கள் அங்கேயே தங்கினார்கள். பின்னர் ஹோவர்ட் வந்தது, தேவாலயங்கள் வந்தன, டிராம் வந்தது. நகரின் மையத்தில் இருந்த தியேட்டர்களும் ஹோட்டல்களும் கறுப்பினத்தவரை உள்ளே விடவில்லை. அதனால் அவர்கள் தங்களுக்கானதை, அந்தக் கடைமுனைக்குப் பக்கத்து யு ஸ்ட்ரீட் வட்டாரத்தில் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 1910-இல் ஹோவர்ட் தியேட்டர். 1922-இல் லிங்கன் தியேட்டர். ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டன் வளர்ந்ததும் முதலில் வாசித்ததும் இந்தத் தெருக்களில்தான். ‘பிளாக் பிராட்வே’ என்ற பேர் அப்படி நிலைத்தது.

இதில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜான் வைட்லா லூயிஸ், கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர். 1913-இல் யு ஸ்ட்ரீட்டில் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். 1919-இல் பதின்மூன்றாவது தெருவும் டி ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில் வைட்லா ஹோட்டலைத் திறந்தார். முதலீடு கறுப்பினத்தவருடையது; வரைபடம் ஐசாயா ஹாட்டன் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞருடையது; கட்டியவர்களும் கறுப்பினத் தொழிலாளர்கள். வேறெங்கும் அறை கிடைக்காத கலைஞர்களும் வணிகர்களும் இங்கே தங்கினார்கள். பெரிய கூடத்தில் கல்யாணங்களும் நடன விருந்துகளும் நடந்தன.

வீடு வாங்குவதிலும் போராட்டம்தான். பக்கத்துப் புளூமிங்டேல் பகுதியின் பத்திரங்களில், இந்த வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையே எழுதப்பட்டிருந்தது. ஹோவர்டின் சட்டத்துறையை வளர்த்தெடுத்த சார்ல்ஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன், அங்கே பிரயண்ட் ஸ்ட்ரீட்டில் வீடு வாங்கிய கறுப்பினக் குடும்பங்களுக்காக உச்ச நீதிமன்றம்வரை போனார். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றம் நிறைவேற்றிக் கொடுக்க முடியாது என்று 1948-இல் தீர்ப்பு வந்தது. இன்று அதே வீடுகளை விலை கொடுத்து வாங்க, பெரும்பாலான கறுப்பினக் குடும்பங்களால் முடியாது. அன்று பத்திரம் தடுத்தது, இன்று விலை தடுக்கிறது.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி வந்ததும் கலவரம் தொடங்கியது பதினான்காவது தெருவும் யு ஸ்ட்ரீட்டும் கூடும் முனையில். சில நாட்களில் 13 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கான கட்டடங்கள் எரிந்தன. பிறகு கவனிப்பாரற்ற காலம். எரிந்த மனைகள் எரிந்தபடியே கிடந்தன. ஹோவர்ட் தியேட்டர் மூடியது, வைட்லாவும் 1977-இல் மூடியது. சுரங்க ரயிலுக்காகத் தெருவையே தோண்டிப்போட்டபோது, பிழைத்திருந்த கடைகளும் தவித்துப்போயின. 1958-இல் தொடங்கிய பென்ஸ் சில்லி பௌல் தாக்குப்பிடித்தது. அதை மனைவி வர்ஜீனியாவோடு நடத்திய பென் அலி, டிரினிடாடில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். போதைப்பொருளையும் துப்பாக்கிச் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டு அந்த இருபது வருடம் அங்கே குடித்தனம் நடத்தியவர்கள்தான் யு ஸ்ட்ரீட்டை உயிரோடு வைத்திருந்தார்கள் என்பேன். 1991-இல் ரயில் நிலையம் திறந்தது. விலை ஏறத் தொடங்கியது. பொறுத்திருந்தவர்களுக்கு அந்த விலையேற்றமே வெளியேற்றமானது.

நகரத்தின் மக்கள்தொகையில் 1970-இல் நூற்றுக்கு 71 பேர் கறுப்பினத்தவர். 2011 வாக்கில் அது பாதிக்குக் கீழே இறங்கியது. 2020 கணக்கெடுப்பில் 41 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. யு ஸ்ட்ரீட்டும் அதையொட்டிய ஷா பகுதியும் இதைவிட வேகமாக மாறின. தேசியச் சமூக மறுமுதலீட்டுக் கூட்டமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வு, 2000-க்கும் 2013-க்கும் இடையில் வாஷிங்டனின் ஏழைப் பகுதிகளிலிருந்து 20,000-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் இடம்பெயர நேர்ந்ததாகச் சொல்கிறது. பலர் போய்ச் சேர்ந்தது எல்லை தாண்டி, மேரிலாண்டில்.

இத்தனைக்கும் நடுவே வரலாறு மட்டும் அமோகமாகப் ‘பாதுகாக்கப்படுகிறது’ என்பதுதான் என்னை உறுத்துகிறது. யு ஸ்ட்ரீட்டில் ஒரு சொகுசுக் குடியிருப்புக்கு எலிங்டன் பெயர். சுவரெல்லாம் கறுப்பினக் கலைஞர்களின் ஓவியம். அமெரிக்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் ஹைரா, 2017-இல் எழுதிய புத்தகத்தில் இதை நேராகச் சொல்கிறார்: கறுப்பின அடையாளமே இங்கே புதியவர்களை இழுக்கும் விளம்பரமாகிவிட்டது. 1990-களின் இறுதியில் இப்பகுதி வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அது வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் பாதி வீடுகளை இடித்திருப்பார்கள். ஆனால் அந்த அறிவிப்பு காப்பது முகப்பை. ஜன்னல் சட்டத்தை மாற்றினால் கேள்வி கேட்கும். உள்ளே நாற்பது வருடமாக வாடகைக்கு இருந்த குடும்பம் மாறினால் கேட்காது.

ஒன்பதாவது தெருவில் கார்ட்டர் ஜி. வுட்சனின் வீடு இருக்கிறது. கறுப்பின வரலாற்றுக்கென ஒரு வாரத்தை 1926-இல் தொடங்கியவர். அது வளர்ந்துதான் இன்று பிப்ரவரி முழுவதும் கொண்டாடும் மாதமானது. 1922 முதல் 1950-இல் இறக்கும்வரை அந்த வீடே அவருக்கு அலுவலகம், பதிப்பகம், புத்தகக் கிடங்கு. சாப்பாட்டுக்கு அக்கம்பக்கத்தில் கறுப்பினப் பெண்கள் நடத்திய விடுதிக்கு நடந்து போவார். வரலாற்றை எழுதியவரும் அதை வாழ்ந்தவர்களும் ஒரே தெருவில் இருந்தார்கள். வீட்டைத் தேசியப் பூங்காத் துறை வாங்கிக் காப்பாற்றியிருக்கிறது. அவர் சாப்பிடப் போன தெருவில் இருந்தவர்களைக் காப்பாற்ற எந்தத் துறையும் இல்லை.

காப்பாற்ற வழியே இல்லையா என்றால், இருந்தது, இருக்கிறது. தென்மேற்கு வாஷிங்டனில் 1950-களில் மறுசீரமைப்பு என்ற பெயரில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அரசு அப்புறப்படுத்தியதைப் பார்த்தவர் பாதிரியார் வால்டர் ஃபான்ட்ராய். ஷாவிலும் அது நடந்துவிடக் கூடாது என்று 1966-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மறுசீரமைப்பை மக்களே திட்டமிட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1967 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங்கே ஷாவுக்கு வந்து ஊர்வலத்தில் நடந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக உள்ளூர்த் தேவாலயங்கள் குறைந்த வாடகைக் குடியிருப்புகளைக் கட்டின. யு ஸ்ட்ரீட் வட்டாரத்தில் இன்றும் ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் மிச்சமிருப்பது பெருமளவு அந்த வீடுகளால்தான்.

வைட்லா ஹோட்டலையும் அப்படித்தான் மீட்டார்கள். பாழடைந்து கிடந்த கட்டடத்தை மன்னா என்ற லாபநோக்கற்ற அமைப்பு எடுத்து, கூடத்தின் அழகு கெடாமல் புதுப்பித்து, 1990-களின் தொடக்கத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கான வீடுகளாக்கியது. கட்டடமும் தப்பியது, அதில் குடியிருக்கத் தகுந்தவர்களும் தப்பினார்கள். வரலாற்றுப் பாதுகாப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை.

1980-இல் வந்த வாடகைதாரர் சட்டம் ஒன்றும் உண்டு. சில விலக்குகள் தவிர, வீட்டுக்காரர் கட்டடத்தை விற்க நினைத்தால், வாங்கிக்கொள்கிறீர்களா என்று முதலில் குடியிருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள கட்டடமென்றால், கடிதம் வந்த 45 நாட்களுக்குள் அவர்கள் சங்கம் அமைத்துப் பதிவு செய்ய வேண்டும். பேரம் பேசக் குறைந்தது 120 நாள். பணம் திரட்ட அதற்கு மேலும் அவகாசம். காவலாளியும் ஆயாவும் பஸ் டிரைவரும் வேலை முடிந்து வந்து, யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் கூடி, வக்கீல் கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நகரம் கடன் கொடுத்தால் கட்டடம் அவர்கள் கைக்கு வரும், இல்லாவிட்டால் கைமாறிப்போகும். சில கட்டடங்கள் இப்படிக் குடியிருப்போர் கூட்டுறவுச் சொத்தாகியிருக்கின்றன. வரலாற்றுப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கடனுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

கோ-கோ 2020 பிப்ரவரியில் வாஷிங்டனின் அதிகாரபூர்வ இசையானது. மேயர் முரியல் பௌசர் சட்டத்தில் கையெழுத்திட்டார். நல்ல விஷயம். ஏழாவது தெருவில் ஷா ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் லிங்கன் வெஸ்ட்மோர்லாண்ட் குடியிருப்புக்கு அந்த மாதிரி விழா எதுவும் நடக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் இரண்டு தேவாலயங்கள் சேர்ந்து கட்டிய பத்து மாடி அது. அவற்றில் ஒன்றான லிங்கன் டெம்பிள், சபையார் குறைந்துபோய் 2018-இல் மூடிவிட்டது. அது கட்டிய வீடுகளில் மட்டும் இன்னும் பழைய குடிகள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட வீடுகளில் வாடகை கட்டுக்குள் நிற்பது அரசு மானிய ஒப்பந்தங்களால்தான். ஒப்பந்தம் என்றால் அதற்கு முடிவுத் தேதி உண்டு. ஒவ்வொரு முறையும் யாராவது அதைப் புதுப்பித்தாக வேண்டும்.