யுரேனியம் தேடியவர்கள் விட்டுப்போன பாதை

குதிரைக்குப் பிடிக்காத பாறை அது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், தென்கிழக்கு ஓரமாக இருக்கும் மோவாப் என்ற சிற்றூரைச் சுற்றி வெளிறிய மணற்பாறை மேடுகள் கிடக்கின்றன. இரும்பு லாடம் பட்டால் வழுக்கும். மாடு மேய்க்க வந்தவர்கள் 'ஸ்லிக்ராக்', அதாவது வழுக்குப்பாறை என்று பேர் வைத்துவிட்டார்கள். அதே பாறையில் ரப்பர் டயரை ஏற்றினால் உப்புத்தாள் மாதிரி கவ்விக்கொள்ளும். ஏறவே முடியாது என்று கண் சொல்லும் சரிவில் சைக்கிள் ஏறிவிடும். மோவாப்பின் இன்றைய பிழைப்பில் இந்தக் குணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த பாலைவன மணல் இறுகி நவாஹோ மணற்கல் ஆனது. மணல் சரிந்து சரிந்து விழுந்த கோடுகள் பாறையின் பக்கவாட்டில் இன்னமும் சாய்வாகத் தெரியும். இதன்மேல் ஓடுகிற ஸ்லிக்ராக் பாதை, உலகம் முழுக்க மலைச்சைக்கிள்காரர்கள் ஒருமுறையாவது ஓட்டிவிட ஆசைப்படும் பாதை. பாதை என்று சொல்வதே ஒரு பேச்சுக்குத்தான். தரையில் தடம் எதுவும் இல்லை. பாறைமேல் வரிசையாக வெள்ளைப் பெயின்ட் கோடுகள், அவ்வளவே. 1969இல் மோட்டார் சைக்கிள்காரர்கள் தங்களுக்காகக் குறித்துக்கொண்டது. மொத்தச் சுற்று சுமார் 17 கிலோமீட்டர். இதென்ன பெரிய தூரம் என்று கிளம்புகிறவர்கள் மூன்று, நான்கு மணி நேரம் கழித்துத் தொடை நடுங்கத் திரும்பி வருவார்கள்.

இந்த வட்டாரத்தின் பழைய பாதைகளைத் தோண்டித் துருவினால் பலவும் சைக்கிளுக்காக வெட்டப்படவில்லை என்பது தெரியவரும். அவற்றில் பலவற்றின் அடியில் கிடைப்பது ஒரே சொல்: யுரேனியம்.

1952 ஜூலையில் சார்லி ஸ்டீன் என்ற டெக்ஸாஸ்காரர் மோவாப்புக்குத் தெற்கே துளை போட்டுக்கொண்டிருந்தார். நிலவியல் படித்தவர், குடும்பத்தோடு குடிசை வாழ்க்கை. கதிர்வீச்சைக் காட்டும் கெய்கர் கருவி வாங்கக்கூட வக்கில்லை. தோண்டியெடுத்த கறுப்புக் கல் ஒன்றை வழியில் பெட்ரோல் நிலையத்தில் ஒருவரிடமிருந்த கருவியில் காட்டியபோதுதான் முள் எகிறியது. மூன்று வேளைச் சோற்றுக்குத் தடுமாறியவர் கோடீஸ்வரரானார். அந்தப் பணம் கடைசிவரை கையில் நிற்கவில்லை என்பது தனிக்கதை. செய்தி பரவியதும் கூட்டம் திரண்டது. அணுகுண்டுக்கு யுரேனியம் தேவைப்பட்ட காலம்; வாங்குவதும் அரசு, விலை வைப்பதும் அரசு. தேடுகிறவர்களின் ஜீப் போக வேண்டும் என்பதற்காக அணுசக்தி ஆணையமே பாலைவனத்தில் சாலை போட்டுக் கொடுத்தது.

அப்படிப் போட்டதுதான் ஒயிட் ரிம் சாலை. கொலராடோ ஆறு ஒருபுறம், கிரீன் ஆறு மறுபுறம். நடுவே ஆகாயத்தில் தூக்கி வைத்தாற்போல் ஒரு மேட்டுநிலம். மேட்டுக்குக் கீழே ஆயிரம் அடிக்கும் கூடுதலான ஆழத்தில் வெள்ளை மணற்கல் ஒரு திண்ணைபோல் சுற்றி ஓடுகிறது. திண்ணைக்கும் கீழே இன்னொரு பள்ளம். அதன் அடியில்தான் ஆறு. அந்தத் திண்ணை விளிம்பிலேயே சுமார் 160 கிலோமீட்டர் வளைந்து போகிறது சாலை. இறங்குவதற்கு ஷேஃபர் பாதை. முதலில் பழங்குடியினரின் ஒற்றையடிப் பாதை, பிறகு மாடு ஓட்டிய வழி, 1950களில் யுரேனிய லாரிக்காக அகலப்படுத்தியது. மலைச்சுவரை ஒட்டிய கொண்டையூசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தே விரல் மரத்துப்போகும்.

மூன்று, நான்கு நாள் எடுத்துக்கொண்டு, தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிய ஜீப்பைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சுற்றுவது வழக்கம். வழி நெடுகக் குடிக்கும் தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது. விடியுமுன் கிளம்பி ஒரே நாளில் முடிக்கிற பிடிவாதக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய உடம்பை மெச்சலாம், ரசனையை மெச்ச முடியவில்லை. வெயில் சாயும்போது நிறம் மாறும் பாறைகளை, மணி பார்த்துக்கொண்டே கடந்துபோவதற்கு அவ்வளவு தூரம் போவானேன்?

இத்தனை செலவில் போட்ட சாலையில் யுரேனியம் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அகப்பட்டிருந்தால் இன்று அங்கே வேலியும் எச்சரிக்கைப் பலகையும்தான் நின்றிருக்கும்.

1961இல் உள்துறைச் செயலராக இருந்த ஸ்டூவர்ட் உடால் இந்தப் பள்ளங்களின்மேல் விமானத்தில் பறந்தார். கூட வந்தவர் ஃப்ளாய்ட் டொமினி, மேற்கு மாநிலங்களில் அரசின் அணைகளைக் கட்டும் துறைக்குத் தலைவர். இரண்டு ஆறுகளும் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அடுத்த பெரிய அணைக்கு இதுதான் இடம் என்று டொமினி காட்டினார். உடால் எட்டிப்பார்த்தார், அவர் கண்ணுக்கு அது தேசியப் பூங்காவாகத் தெரிந்தது. 1964 செப்டம்பரில் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா சட்டமானது. ஜன்னலோரத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால், ஒயிட் ரிம்முக்குக் கீழே இன்று ஏரி கிடந்திருக்கும்.

ஏரி ஆசை ஆற்றில் இன்னும் கீழே கிளென் கேன்யனில் நிறைவேறியது. 216 மீட்டர் உயர அணை. 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கி, நிரம்புவதற்கு 17 ஆண்டுகள் ஆயின. அந்த ஏரிக்கு வைத்த பேர் லேக் பவல். 1869இல் மரப்படகுகளில் இந்த ஆறுகளின் வழியே போன ஜான் வெஸ்லி பவலின் நினைவாக. உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்திருந்த அவர் ரசித்து எழுதிய பள்ளத்தையே மூழ்கடித்துவிட்டு அவர் பேரையே வைத்தது கொஞ்சம் குசும்புதான். நீண்ட வறட்சியில் அந்த ஏரி வற்றி, 2022இல் கொள்ளளவில் கால் பங்குக்கும் குறைவாக இறங்கியது. தலைமாட்டில் ஹைட் என்ற இடத்தில் படகு இறக்கும் சிமென்ட் சரிவு தண்ணீரைத் தொடாமல் வெட்டவெளியில் நிற்கிறது. ஏரி பின்வாங்கிய இடத்தில் அடுக்கடுக்காக வண்டல். பாறை அடுக்குகளுக்குப் பேர் சூட்டுவதுபோல அதற்கும் 'டொமினி அடுக்கு' என்று நையாண்டியாகப் பேர் வைத்திருக்கிறார்கள்.

1980களின் தொடக்கத்தில் யுரேனியச் சந்தை படுத்தது. 1984இல் மோவாப்பின் யுரேனிய ஆலை நின்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் க்ராஃப் சகோதரர்கள் ஊரில் ஒரு சைக்கிள் கடை திறந்திருந்தார்கள். கலிபோர்னியாவில் பிறந்த மலைச்சைக்கிள் அப்போது கைக்குழந்தைப் பருவம். தடித்த டயரும் வழுக்குப்பாறையும் சந்தித்துக்கொண்ட பிறகு ஊரின் தலையெழுத்து மாறிவிட்டது. ஆலை விட்டுப்போன 1.6 கோடி டன் கதிரியக்கக் கழிவு மட்டும் கொலராடோ ஆற்றங்கரையிலேயே குவிந்து கிடந்தது. அதை ரயிலேற்றி 30 மைல் வடக்கே கொண்டுபோய்ப் புதைக்கும் வேலை 2009இல் தொடங்கியது.

எனக்கு நெருடுகிற விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் காட்டுநிலம் என்று சட்டப்படி அறிவித்த இடத்தில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. 1964ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இயந்திரப் போக்குவரத்து எதுவும் கூடாது என்கிறது. மிதிக்கிற சைக்கிளும் அதில் அடக்கம். கேன்யன்லேண்ட்ஸிலும் சைக்கிள் சாலையை விட்டு இறங்கக் கூடாது. ஆக, பூங்காவுக்குள் குண்டுக்கு மூலப்பொருள் தேடி ஒருகாலத்தில் புல்டோசர் கீறிய கோட்டில்தான் பெரும்பாலும் இன்று சைக்கிள் போக முடியும். கீறாமல் விட்ட இடத்துக்கு நடந்துதான் போக வேண்டும். அமைதியைத் தேடி வருகிறவர்கள் அந்தப் பழைய காயத்தின்மேல்தான் மிதித்துப் போகிறார்கள்.

இறங்காதே என்பதற்குக் காரணம் காலடியிலேயே இருக்கிறது. பாதையோரத்து மணலில் கரிய, புடைத்த பொருக்கு ஒன்று படர்ந்திருக்கும். பார்த்தால் காய்ந்த சேறு போலிருக்கும், ஆனால் உயிருள்ளது. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் மணலுக்குள் நூல்நூலாக ஊர்ந்து துகள்களைத் தைத்து வைக்கின்றன. அதன்மேல் பாசியும் லைக்கனும் குடியேறுகின்றன. காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமலிருப்பதும், செடி வேர்விடுவதும் இந்தப் பொருக்கின் தயவில்தான். ஒரு டயர் ஒருமுறை ஏறினால் நொறுங்கிவிடும். மறுபடி கூடுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். யுரேனியக் காலத்து ஜீப் தடங்கள் இன்னும் ஆறாமல் தெரிகிற இடங்கள் இருக்கின்றன. பாறைக்குழியில் தேங்கிய மழைநீரிலும் டயர் படக் கூடாது. குழி காய்ந்து கிடக்கும் ஆண்டுகளிலும் அதன் அடித் தூசியில் குட்டி இறால்களின் முட்டைகள் அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும்.

கடைசியில் ஒயிட் ரிம் சாலை கிரீன் ஆற்றை ஒட்டி இறங்குகிறது. அங்கேதான் பலருடைய திட்டம் கெடும். ஆற்றின் மேல்பகுதியில் 1964இல் கட்டி முடித்த ஃப்ளேமிங் கார்ஜ் அணை இருக்கிறது. ரேஸர்பேக் சக்கர் என்ற அருகிப்போன மீனுக்கு வெள்ளம் வேண்டும். பொரித்த குஞ்சுகள் கரையோரச் சதுப்புக்குள் போனால்தான் பிழைக்கும். அதனால் குஞ்சுகள் தென்படும் சமயம் பார்த்து அணையிலிருந்து கூடுதலாகத் தண்ணீர் விடுகிறார்கள். உருகும் பனியும் சேர்ந்துகொண்ட ஆண்டில், பொட்டேட்டோ பாட்டம் என்ற வளைவில் சாலை தண்ணீருக்குள் போய்விடும். மூன்று நாள் மிதித்து வந்தவர்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பழுப்பு நீரைப் பார்த்தபடி நிற்பார்கள். வெளியே ஏறும் வளைவுச்சாலை தண்ணீருக்கு அப்பால்தான் இருக்கும். வந்த வழியே திரும்பினால் நூறு கிலோமீட்டருக்கு மேல்.